பதினேழாம் பெட்டியும் இரண்டு காமிராக்களும்

சிதறால் மலையடிவாரத்தில் குடியிருக்கும் தங்கபாயிடம் அவருடைய காமிரா எத்தனை மெகாபிக்சல் என்று யாராவது கேட்டால், "அஞ்சு" என்று சொல்லிவிட்டுக் கேட்டவரின் முகத்தை உற்றுப் பார்ப்பார். உதட்டோரம் ஒரு சிரிப்பு தெரிந்தால் போதும், அந்த ஆளைச் சும்மா விடமாட்டார். உட்காரவைத்து, பாலில்லாத கட்டன் சாயா கொடுத்து, தேனீ முட்டையை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று ஆரம்பித்துவிடுவார். அப்படிச் சாயா குடித்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய.

தங்கபாய்க்குத் தொழில் தேனீ வளர்ப்பு. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அண்டியாபீசில், அதாவது முந்திரிப் பருப்பு ஆலையில், சின்னக் கத்தியை வைத்துப் பருப்புத் தோல் உரித்தார். பருப்பு உடையக்கூடாது, தோல் மட்டும் வரவேண்டும். நாள் முழுக்கக் கையளவுக்குள் இருப்பதையே பார்த்துப் பழகிய கண் அவருக்கு.

வீட்டில் முதலில் தேனீ வளர்த்தவர் கணவர் ஞானசிங்தான். தங்கபாய் கல்யாணமாகி வந்தபோது வீட்டைச் சுற்றி அறுபது பெட்டிகள் இருந்தன. தொண்ணூற்றிரண்டில் புழுநோய் வந்தது. நல்ல தேனீப்புழு தன் அறைக்குள் முத்து வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். நோய் கண்ட புழு மஞ்சளித்து, தலையைத் தூக்கிக்கொண்டு, நீர் கோத்த பையாகிவிடும். ஞானசிங்கின் ஏழெட்டுப் பெட்டிகளில் அது தெரிந்தது. மற்றப் பெட்டிகள் எப்படி என்று நிதானமாகப் பார்க்க ஒருவருக்கும் பொறுமையில்லை. எல்லாவற்றையும் கொளுத்து, இல்லாவிட்டால் ஊர்த் தேனீ முழுக்க நாசமாகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கொளுத்தினார், அறுபதையும். எத்தனை நல்ல பெட்டிகள் அதில் சேர்ந்து எரிந்தன என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஞானசிங் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். பெட்டிப் பக்கம் திரும்பவில்லை, தேனைக்கூட நாக்கில் வைக்கவில்லை.

அந்த அடியிலிருந்து தேன்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டாயிற்று. ஒருவர் பெட்டியில் நோய் என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தேன்காரர் அதைத் திறந்து பார்க்கப் போகக்கூடாது. கையிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு அவர் பெட்டிக்கும் நோய் வந்துவிடும் என்கிற பயம். நியாயமான பயம்தான். ஆனால் பழி விழுந்தவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நோய் இல்லை என்று நேரில் வந்து பார்த்துச் சொல்ல ஒரு நாதி கிடையாது.

பத்து வருஷம் கழித்துத் தங்கபாய் இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்தபோது ஞானசிங் தடுக்கவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. 2005இல் மஸ்கட்டில் இருந்த அண்ணன் ஒரு சின்ன டிஜிட்டல் காமிரா கொடுத்தனுப்பினார். வெள்ளி நிறம், குளியல் சோப்பு அளவு, இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும். கல்யாணமும் ஞானஸ்நானமும் எடுக்கட்டும் என்று அவர் அனுப்பினார்; தங்கை எடுத்ததோ புழுக்களை. காமிராவின் முதுகில் பூப்படம் போட்ட ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் லென்சுக்கும் பொருளுக்கும் ஒரு விரற்கடை தூரம் இருந்தாலே போதும், படம் துல்லியமாக விழுந்தது. அன்றுமுதல் பெட்டி திறக்கும்போதெல்லாம் அடைகட்டிய மரச்சட்டத்தை ஒரு கையில் தூக்கி, சட்டத்தின் மேல்கட்டையில் சாக்பீசால் பெட்டி எண்ணும் தேதியும் எழுதி, இன்னொரு கையால் படம் எடுத்து வைப்பது அவருக்கு வழக்கமாயிற்று. எதற்கு இந்தக் கோட்டி வேலை, பைத்தியமா என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. எரிந்துபோன அறுபது பெட்டிகளில் ஒன்றுக்குக்கூடப் படமில்லை என்பதை அவர் யாரிடம் சொல்வார்?

2014 பிப்ரவரியில் அண்ணன் மகன் ஜிபின் துபாயிலிருந்து லீவில் வந்தான். கழுத்தில் ஒரு புதுக் காமிரா தொங்கியது. உள்ளே கண்ணாடி வைக்காமல் செய்த புது வகை. அதனால் கனம் குறைவு, லென்சை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அந்த வகையில் ஆரம்பக்காரர்களுக்கான மாடல் என்று அவனே ஒத்துக்கொண்டான். ஆனால் மாமியின் (அத்தையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள்) காமிராவைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மாமி, இத இன்னும் வச்சிருக்கியளா? இது காமிராவா, சோப்புப் பெட்டியா?"

"சிரிலே, சிரி. ஒனக்க காமிரா என்ன செய்யும், அதச் சொல்லு."

அன்று சாயங்காலம் விளக்கு போடுவதற்கு முன்பு இருவரும் ஞானசிங்கை ஆளுக்கொரு படம் எடுத்தார்கள். தங்கபாயின் படத்தில் மணல் தூவினதுபோல் புள்ளி விழுந்து முகமே கலங்கியிருந்தது. ஜிபினின் படத்தில் நரைத்த மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் இருந்த கிணறும் தென்னையும் மெழுகாகக் கரைந்து, ஞானசிங் மட்டும் எடுப்பாக நின்றார். தங்கபாய் நேர்மையான மனுஷி. "இது வேற கண்ணாக்கும் மக்கா" என்று உடனே ஒத்துக்கொண்டார்.

மறுநாள் கீரிப்பாறைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் ரப்பர் தோட்டத்துக்கு அவனையும் கூட்டிப்போனார். அவருடைய நாற்பது பெட்டிகளும் அப்போது அங்கேதான் இருந்தன. தை மாதம் இலை உதிர்த்த ரப்பர் மாசியில் செம்புநிறத் தளிர் விடும், தளிர்க்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். வருஷத்துத் தேன் முழுக்க அந்த ஒன்றரை மாதத்தில்தான். அதனால் பத்துப் பன்னிரண்டு தேன்காரர்களின் பெட்டிகள் அங்கே தள்ளித் தள்ளி இருந்தன. மாமி பதினேழாம் பெட்டியின் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க, ஜிபின் படமெடுத்தான். முன்னால் ஒரு தேனீயின் சிறகு நரம்பு நரம்பாகத் தெரிந்தது. பின்னால் புழு அறைகள் கலங்கிக் கரைந்திருந்தன. படத்துக்கு ஒரு பொன்னிறமும் ஏற்றி, கீழே 'என் மாமியின் தேனீக்கள்' என்று எழுதி அன்றைக்கே ஃபேஸ்புக்கில் போட்டான். இருநூறு பேர் விருப்பம் போட்டார்கள்.

இருநூற்றொன்றாவது ஆளாக அதைப் பார்த்தவர் பொன்னுலிங்கம். தேனீ வளர்ப்போர் சங்கச் செயலாளர். நெற்றியில் நாமம், பேச்சில் கறார்; தொண்ணூற்றிரண்டில் அவரும் ஐம்பது பெட்டிகளைத் தீயில் போட்டவர். பொன்னிறம் ஏற்றிய படத்தில் புழுக்கள் மஞ்சளாகத் தெரிந்தன. கலங்கிய புழுக்கள் தலை தூக்கிய பைகளாகத் தெரிந்தன. காமிரா பக்கம் சாய்ந்திருந்த மேல்கட்டையில் பதினேழு என்ற எண் மட்டும் தெளிவாக இருந்தது. உடனே போன் அடித்தார்.

"தங்கபாய், ஒமக்க பதினேழுல நோய் வந்தாச்சு. மறைக்காண்டாம். ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள நாப்பது பெட்டியும் தோட்டத்த விட்டு வெளிய போவணும்."

"அண்ணாச்சி, அது படத்துக்க கொழப்பமாக்கும். எனக்க புழு வெள்ளவெளேர்னு கெடக்கு."

"இதையேதான் நானும் அன்னைக்குச் சொன்னேன்" என்றார் பொன்னுலிங்கம். "எடுத்துட்டுப் போவ எடமில்லன்னா தீ வச்சிரும். வேற வழியில்ல."

நோய் என்று பெயர் எடுத்த பெட்டியை எந்தத் தோட்டத்துக்காரனும் ஏற்கமாட்டான். அப்படியென்றால் தீதான். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஞானசிங் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். ஜிபினுக்கு விஷயம் விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று.

"நான் படத்த அழிச்சிடுதேன் மாமி."

"அழிச்சா ஆச்சா? பாத்தவன் கண்ண அழிப்பியா? அவிய ஆரும் வந்து பாக்க மாட்டாவ. படத்தால வந்தது, படத்தாலதான் போவணும். காலம்பற காமிராவ எடுத்துட்டு வா."

சனிக்கிழமை காலையில் பதினேழாம் பெட்டியின் அதே சட்டம். முதலில் ஜிபின். ஒரு முழத்துக்குக் கிட்டே போனால் அவன் லென்ஸ் எதையும் பிடிக்கவில்லை. கழற்றி, காமிராவோடு வந்த லென்சை மாட்டினான். அது ஒரு சாண் வரைக்கும் வந்தது, அதற்குமேல் ஒரு அங்குலம் வர மறுத்தது. எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தால் முட்டை தூசியாகத் தெரிந்தது. இதற்கென்றே தனி லென்ஸ் இருக்கிறது, துபாயில் விட்டுவிட்டு வந்தேன் என்றான். பாவம், அவன் சொன்னது உண்மைதான். அதற்குள் கறுப்புக் காமிராவைக் கண்டு சீறிய இரண்டு தேனீக்கள் அவன் இமையில் ஒரு கொட்டும் காதில் ஒரு கொட்டும் வைத்தன. தேனீக்குக் கறுப்பென்றால் ஆகாது.

"தள்ளி நில்லுலே" என்றார் தங்கபாய். இடுப்பில் செருகியிருந்த சோப்புப் பெட்டியை எடுத்தார், பூப் பட்டனை அமுக்கினார். இடக்கையில் சட்டம், வலக்கையில் காமிரா. வெயில் அறையின் அடிவரைக்கும் இறங்கும்படி சட்டத்தைச் சாய்த்து, லென்ஸ் அடையைத் தொடுமளவுக்குக் கொண்டுபோனார். மூச்சை அடக்கினார். வெள்ளிக் காமிராவைத் தேனீக்கள் பொருட்படுத்தவே இல்லை. ஒன்று அதன் மேலேயே ஏறி நடந்தது. இருபத்தாறு படங்கள் எடுத்தார்.

வேலையில்லாமல் தள்ளி நின்ற ஜிபின், வீங்கிய இமையோடு மாமியை எடுத்துக்கொண்டிருந்தான். இமைதான் வீங்கியிருந்தது, புத்தி அல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஞானசிங்கின் ஆட்டோவிலேயே மூவரும் மார்த்தாண்டத்தில் சங்க அறைக்குப் போனார்கள். பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கபாய் வாசலிலேயே நின்று, மெமரி கார்டை மட்டும் நீட்டினார். பொன்னுலிங்கம் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் கணினியில் போட்டார்.

முதல் படம் திரையை நிறைத்தது. ஆறு மூலை அறைகள். ஒவ்வொன்றின் அடியிலும் நட்டுவைத்ததுபோல் ஒற்றை முட்டை. அடுத்த படத்தில் வெள்ளை வெளேரென்று சுருண்ட புழுக்கள். அதற்கடுத்ததில் ஓட்டை விழாத மூடிகள். பொன்னுலிங்கம் பெரிதாக்கிப் பார்த்தார், இன்னும் பெரிதாக்கினார். தலை தூக்கிய புழு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மனுஷன் லேசில் விடுகிற ஆளில்லை.

"புழு நல்ல புழுதான். இது பதினேழுல உள்ளதுன்னு நான் எப்பிடி நம்ப?"

தங்கபாய் திரையைப் பார்த்தார். முட்டைக்கு அவ்வளவு கிட்டே போன படத்தில் எண் எப்படி விழும்?

"இதையும் பாருங்க அண்ணாச்சி" என்று ஜிபின் தன்னுடைய கார்டை நீட்டினான். ரப்பர் மரங்களுக்கு நடுவே வெயிலில் தங்கபாய் நிற்கிறார். கையில் சட்டம், மேல்கட்டையில் பதினேழும் சனிக்கிழமைத் தேதியும். அடையின் இடது மூலையில் எலி கடித்துப் பிறைபோல் ஒரு பள்ளம். அதன்மேல் சின்னக் காமிரா குனிந்திருக்கிறது. பொன்னுலிங்கம் சோப்புப் பெட்டியின் படங்களுக்குத் திரும்பிப் போனார். ஒன்பதாவது படத்தில் அதே பிறையும், அதையொட்டி வரிசையாக முட்டைகளும் இருந்தன.

பொன்னுலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பெட்டி இருக்கட்டும்" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்க கண்ணுதான் தப்பு. நாப்பது வருசமா ஈ வளக்கேன், இப்பிடி முட்டையப் பாத்ததில்ல" என்றார்.

தங்கபாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. பதினைந்து ஆண்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையில் அவருடைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எந்தக் காமிரா என்று ஒருவர் கேட்டார். இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஞானசிங் மட்டும் வாசலில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டு முற்றத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நாளைக்கு எப்பம் போவ? நானும் வாரேன்."

திங்கள் காலை அவர் பதினேழாம் பெட்டியின் மூடியைத் தானே தூக்கினார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. முகமூடி இல்லை, புகையும் இல்லை, ஆனாலும் ஒரு தேனீகூட மிரளவில்லை. தங்கபாய் இடுப்பிலிருந்த காமிராவில் கையை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். ஞானசிங் நின்ற மரநிழல் அந்தச் சோப்புப் பெட்டிக்கு இருட்டு.

"மக்கா, ஒனக்க காமிராவ இங்க தா" என்று ஜிபினிடம் கைநீட்டினார். "ஈக்கு எனக்கது போதும். இந்த மொகத்துக்கு ஒனக்கதுதான் வேணும்."

ஞானசிங் அடையின் ஓரத்தில் ஒரு விரலை அழுத்தினார். தேன் பொங்கி விரலில் ஏறியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாக்கில் வைத்தார். தங்கபாய் பட்டனை அமுக்கினார்.