கயிற்றின் பின்முனை

பிள்ளைகள் அவரைப் பெரிய மிஸ் என்றார்கள். டீச்சர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பாலர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் முழங்கால் சிராய்ந்ததில்லை. முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி காலாவதியாகிக் கிடந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. சறுக்குமரத்தின் ஏணியையும் கழற்றி வைத்துவிட்டார். பிள்ளைகள் சறுக்குமரத்தின் நிழலில் உட்கார்ந்து கதை கேட்டார்கள்.

இந்த வருடம் நிர்வாகக் குழு ஒரு தாள் கொடுத்தது. பொறுப்பில் இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே மார்க் போட வேண்டும். ‘முன்னின்று வழிநடத்துகிறேன்’ என்ற வரிக்கு ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டார். அதில் சந்தேகமே இல்லை. பூங்காவுக்குப் போகும்போது பிள்ளைகள் பிடித்துவரும் நீளக் கயிற்றின் முன்முனை என்றைக்கும் அவர் கையில்தான். ‘பிள்ளைகளுக்காகத் துணிந்து எடுத்த ஒரு முடிவைச் சொல்லவும்’ என்ற கடைசிக் கேள்வியில்தான் பேனா நின்றுவிட்டது.

“என்னைக் கட்டிக்கிட்டியே, அதை எழுது,” என்றார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர்.

“அது துணிச்சலா? நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தானே சரின்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“மரத்துல ஏற மாட்டாரு, தண்ணில இறங்க மாட்டாருன்னாங்க.”

பொய் எழுத அவருக்குக் கை வராது. அதனால் மறுநாள் துணிந்து ஒன்றைச் செய்தார். கயிற்றின் முன்முனையை, எப்போதும் பின்முனையில் வரும் சின்ன மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் போனார். சின்ன மிஸ்ஸின் முகம் வெளுத்தது. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று பெரிய மிஸ் அந்த வாரம் எழுதித்தர வேண்டும். பயம் அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

தெருமுனையில் வரிசை திரும்பியது. நடைபாதை ஓரமாக இடுப்பளவுக் கட்டைச்சுவர் ஒன்று ஓடியது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டுவிட்டு அதில் ஏறினார்கள். கைகளை விரித்துக்கொண்டு நடந்தார்கள்.

கத்த வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கத்தினால் பயத்தில் விழுந்துவிடுவார்கள். ஓடிப்போய், ஒரு ரெட்டைச் சடைக்காரியின் கையைப் பிடித்தார்.

“பிடிக்கக் கூடாது மிஸ். விழுந்தாதான் பிடிக்கணும்.”

“இறங்குடி கண்ணு.”

“விளக்குக் கம்பம் வந்ததும் இறங்கிடுவோம். அங்கதானே நீங்க எப்பவும் திரும்பிப் பார்ப்பீங்க?”

சொன்னபடியே கம்பத்துக்கு ஓரடி முன்னால் எல்லோரும் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு ஒழுங்காக அவர் சொன்னது எதையும் அவர்கள் செய்ததில்லை.

பூங்கா பெஞ்சில் மிஸ்கள் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“எத்தனை நாளா?”

“நான் சேர்ந்ததுலேர்ந்து மிஸ்.”

“யாராவது விழுந்தாங்களா?”

“நான் விழுந்தேன். படியில வழுக்கிட்டேன்னு சொன்னேனே, அன்னைக்கு. பெட்டியில இருந்த பிளாஸ்திரி ஒட்டவே இல்ல மிஸ்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா?”

பெரிய மிஸ் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். “வேற தெரு வழியா கூட்டிட்டுப் போயிருப்பேன்.”

“அதான் கேக்கல,” என்றாள் சின்ன மிஸ். “நாளையிலேர்ந்து நான் வர வேணாமா மிஸ்?”

பெரிய மிஸ் ரெட்டைச் சடைக்காரியைப் பார்த்தார். சேர்ந்த புதிதில் வாசற்படி இறங்கவே தூக்கச்சொல்லி அழுத பிள்ளை அது.

அன்று மாலை கணவர் அந்தத் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார். “‘ஒரு வருடமாகப் பிள்ளைகளைக் கட்டைச்சுவரில் நடக்கவிடுகிறோம். பொறுப்பு என்னுடையது.’ அடேயப்பா! இது உனக்கு எப்பத் தெரியும்?”

“இன்னைக்குக் காலையில.”

“குழுவுல சும்மா விடுவாங்களா? உன் வேலைக்கே உலை வைப்பாங்க.”

“வைக்கட்டும். அந்தப் பொண்ணை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிட்டேன். சறுக்குமரத்துக்கு ஏணி மாட்டணும், ஸ்பேனர் எங்க வச்சிருக்கீங்க?”

மறுநாள் கயிற்றின் முன்முனை மறுபடி அவர் கையில் இருந்தது. விளக்குக் கம்பத்தருகே வழக்கம்போலத் திரும்பினார். கடைசிப் பிள்ளை இன்னும் சுவர்மேல் நின்றிருந்தான். அவரைப் பார்த்ததும் அப்படியே உறைந்துபோனான்.

“மெதுவா வாடா, அவசரமில்ல,” என்று சொல்லிவிட்டு முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டார். தோள்பையில் புது பிளாஸ்திரி ஒரு பெட்டி இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்.