ஆனையூர் வீட்டில் பிஎச் எட்டு புள்ளி இரண்டு

"பாய், கை தட்டுறது நின்னுபோச்சு. இன்னைக்கே வாங்க."

கடை ஷட்டரைத் தூக்கும்போதே இந்த போன். பேசியவர் ஆனையூர் ராமலிங்கம் சார். வேறு யாராவது கேட்டிருந்தால் ஒன்றும் விளங்கியிருக்காது. எனக்கு விளங்கியது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வாரேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

கோரிப்பாளையத்தில் மீன் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. சாப்பிடுகிற மீன் இல்லை, பார்க்கிற மீன். கடல் தண்ணீர்த் தொட்டி, அதாவது ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்களை மதுரையில் விரல் விட்டு எண்ணிவிடலாம். வைகையிலேயே தண்ணீர் இல்லாத ஊரில் வீட்டுக்குள் கடலைக் கொண்டுவருவானேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் சாமர்த்தியத்தைச் சொல்ல வேறு கதைகள் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் கடைக்கு வந்தால் நானே சொல்வேன், கேட்காமலே சொல்வேன்.

கை தட்டுவது ஜீனியா என்கிற ஒரு பவளம். கல்லைப் போல இருக்காது, மெத்தென்று இருக்கும். தண்டின் உச்சியில் சின்னச் சின்னக் கைகள். நாள் முழுக்க அவை விரியும், மூடும். ராமலிங்கம் சாரின் ஒரே மகன் கார்த்தி அதை என்னிடம்தான் வாங்கினான், நகத்தளவு துண்டாக. நாகமலை புதுக்கோட்டையில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தான். தன் அறையில் மூன்றடித் தொட்டி வைத்து, அந்தத் துண்டை மூன்று கல்லுக்குப் பரப்பிக் காட்டினான். ஒருநாள் கல்லூரி விட்டு பைக்கில் திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனான். இருபத்து மூன்று வயது.

தொட்டியை விற்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் தங்கள் கட்டிலைத் தூக்கி அந்த அறையில் போட்டுக்கொண்டார்கள். கார்த்தி ஒரு நீள நோட்டில் தினமும் தண்ணீரின் சூடு, உப்பு, பிஎச் என்கிற அமில-கார அளவு எல்லாம் எழுதி வைப்பான். அவன் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து அப்பா எழுத ஆரம்பித்தார். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுதுவதில் குறை வைக்க மாட்டார். அம்மா விசாலம், தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தே இருப்பார். "என் பிள்ளை வச்சது கை தட்டுது தம்பி" என்பார். தொட்டியில் இரண்டு ஆரஞ்சு மீனும் உண்டு, ஆனால் அந்த வீட்டில் அசைவு என்று அவர்கள் எண்ணியது அது ஒன்றைத்தான். அதுதான் இப்போது நின்றுவிட்டது.

*நுரை*

கடல் தொட்டியில் எது கெட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஸ்கிம்மரை. பெயர் பெரிது, வேலை எளிது. ஒரு பம்ப், குழாய் வழியாக அறைக் காற்றை இழுத்துத் தண்ணீரோடு சேர்த்து அடிக்கும். பொடி நுரை எழும்பும். மீன் கழிவும் அழுக்கும் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே இருக்கும் கப்பில் போய் விழும். கப்பில் கறுப்பாகத் தேங்கினால் தொட்டி சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று கப் துடைத்து வைத்தது போல இருந்தது. காற்றுக் குழாயின் வாயில் உப்பு கட்டியிருந்தது. வெந்நீர் விட்டுக் கரைத்தேன். காற்று ஏறியது. நுரை மட்டும் எழும்பி எழும்பி உடனே அமுங்கியது. எண்ணெய் பட்டால்தான் நுரை அப்படிப் படுக்கும்.

"யாராவது தொட்டியில கை விட்டீங்களா?" என்றேன்.

விசாலம் அம்மா விரலை மறைத்துக்கொண்டார். தினமும் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு வந்து விரலை உள்ளே விடுவாராம். ஆரஞ்சு மீன் இரண்டும் வந்து கொத்துமாம்.

"அம்மா, மீனுக்கு ஏது முடி, நீங்க எண்ணெய் தேய்க்க?" என்றேன்.

சிரித்துவிட்டார். கார்த்தி போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"இனிமே விடமாட்டேன் தம்பி" என்றார். சொன்னபடி அதற்குப் பிறகு ஒருநாளும் தொட்டியில் கை வைக்கவில்லை. ராமலிங்கம் சார் வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "நீங்க சொல்லிட்டீங்கன்னா அவளுக்கு அது வேதவாக்கு பாய்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வார்த்தையை அப்போதே நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

*சொம்புத் தண்ணீர்*

இரண்டு நாளில் நுரை திரும்பியது. கப்பும் நிறைந்தது. ஆனால் கைகள் அசையவில்லை. பிஎச் ஏழு புள்ளி ஏழு. கடல் தொட்டிக்கு எட்டுக்கு மேல் வேண்டும், எட்டு புள்ளி இரண்டு என்றால் ராஜபோகம். பிஎச் இறங்கினால் ஜீனியா சோர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

சிலர் உடனே பவுடரைக் கொட்டி பிஎச்சை ஏற்றுவார்கள். செய்யாதீர்கள். நான் செய்தது இதுதான். ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஜன்னலுக்கு வெளியே சந்தில் வைத்து, சின்ன ஏர் பம்ப் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விட்டேன். பிஎச் எட்டு புள்ளி ஒன்று வந்தது. தண்ணீரில் குற்றமில்லை, அறைக் காற்றில்தான் குற்றம் என்று தெரிந்துவிட்டது. பத்துக்குப் பதினொன்று அறை. தொட்டி சூடாகாமல் இருக்க நாள் முழுக்க ஏசி. ஜன்னலைத் தூசிக்குப் பயந்து டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். மனிதர் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு வெளியே போக வழியில்லை, அது தண்ணீரில் கரைந்தால் பிஎச் இறங்கும். அந்தக் காற்றைத்தான் ஸ்கிம்மர் இழுத்து இழுத்துத் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்த குஷி எனக்கு. யோசிக்கும் முன்னால் வாய் முந்திவிட்டது.

"வேற ஒண்ணுமில்ல சார். நீங்க ரெண்டு பேரும் ராவும் பகலும் இதுக்குள்ளயே மூச்சு விடுறீங்கள்ல, அதுதான் தண்ணியக் கெடுக்குது" என்றேன்.

விசாலம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வைத்தியம் சுலபம். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டுவிட்டால் வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். உள்ளே கல்யாணமே நடந்தாலும் தண்ணீருக்குத் தெரியாது. அரை மணி நேர வேலை. அன்று கையில் டியூப் இல்லை. "அடுத்த தடவ வாரப்ப போட்டுர்றேன், அதுவரைக்கும் ஜன்னலத் தொறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு ஓட்டல் வரவேற்பறையில் பெரிய தொட்டி வேலை ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "பாய், எட்டு புள்ளி ரெண்டு! கை தட்டுது பாய்!"

ஜன்னலைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டியூப் வேலையை மறந்தேன்.

*நோட்டு*

நான்கு மாதம் மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றப் போனேன். ஜீனியா நான்காவது கல்லுக்கும் ஏறிவிட்டது. போட்டோ எடுத்து மற்ற கஸ்டமர்களிடம் காட்டினேன். விசாலம் அம்மா டீயை சாரிடம் கொடுத்து அனுப்புவார். சமையல்கட்டில் வேலையாக இருக்கிறார் என்று எண்ணினேன். ஜன்னலில் டேப் ஒட்டினபடியே இருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை.

நான்காவது மாதம் நோட்டைப் புரட்டினேன். வரிசையாக எட்டு புள்ளி இரண்டு. நடுவில் மூன்று நாள் மட்டும் ஏழு புள்ளி ஒன்பது, ஏழு புள்ளி எட்டு என்று குழி விழுந்திருந்தது.

"இந்த மூணு நாள்ல என்ன சார்? கரண்ட் போச்சா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது அவன் பொறந்த நாளு. இது அவன் போன நாளு. அவ உள்ள வந்து கதவச் சாத்திக்கிட்டா பாய். சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல."

"சரி, இந்தச் செவ்வாக்கிழமை?"

"அன்னைக்கு ஒண்ணுமில்ல. பாக்கணும்போல இருக்குங்கன்னு சொல்லி உள்ள வந்து உக்காந்துட்டா."

எனக்கு அப்போதும் முழுசாகப் பிடிபடவில்லை. "மத்த நாளெல்லாம் அம்மா உள்ள வாரதில்லையா?" என்று கேட்டேன்.

"நீங்கதான சொன்னீங்க, எங்க மூச்சுதான் கெடுக்குதுன்னு. அன்னைக்கே கட்டில ஹாலுக்கு எடுக்கச் சொல்லிட்டா. எம்பிள்ளை வச்சத நானே கெடுப்பேனான்னு ஒரே அழுகை. நான் மட்டும் காலையிலயும் சாயங்காலமும் போயி எழுதிட்டு வந்துருவேன்."

அந்தச் சந்தில், நான் சொம்பு வைத்துக் குமிழி விட்ட அதே இடத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. ஜன்னல் கண்ணாடி உள்ளும் புறமும் பளிச்சென்று துடைத்திருந்தது. அதன் வழியாகத்தான் அம்மா பார்ப்பாராம், வெயிலோ மழையோ. உள்ளே இருபது நிமிடம் வேலை பார்க்கிற எனக்கு, வெளியே ஒரு முகம் நின்றிருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

"இப்ப எங்க சார் அம்மா?"

"படுத்திருக்கா பாய். கிட்னி ரெண்டும் முடியலைன்னுட்டாங்க. மூணு வாரமா எந்திரிச்சு நிக்க முடியல. அதனால ஜன்னலுக்கும் போறதில்ல."

என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலாம். மனிதர் என்னைக் குறை சொல்லவே இல்லை. அம்புட்டு மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

*டியூப்*

வண்டியில் டியூப் இருந்தது. நான்கு மாதமாகவே இருந்தது. அரை இன்ச் டியூப்தான் எடுக்க வேண்டும். மெல்லிசாகப் போட்டால் அத்தனை தூரம் காற்று இழுக்க முடியாமல் ஸ்கிம்மர் திணறும், நுரை குறையும். ஜன்னல் சட்டத்தில் துளை போட்டேன். வெளி நுனியை மழை ஏறாதபடி கீழே வளைத்து, கொசுவலைத் துண்டைச் சுற்றிக் கட்டினேன். தெருவில் கொசுப் புகை அடிக்க வரும் நாளில் நுனியை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம்.

ஹாலுக்குப் போய் அம்மாவின் கட்டிலருகே நின்றேன். ஆள் பாதியாக இருந்தார்.

"அம்மா, குழாயை வெளிய போட்டாச்சு. இனிமே நீங்க உள்ள எம்புட்டு நேரம் வேணாலும் இருக்கலாம். ஒண்ணும் ஆகாது."

"நெசமாவா தம்பி?"

"நெசமா. நான் அன்னைக்குச் சொன்னது தப்பும்மா. மன்னிச்சிருங்க."

அவர் எழுந்திருக்கக் கையை நீட்டினார். சாரும் நானும் கைத்தாங்கலாக அழைத்துப் போய் தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஜீனியா நூறு கையாகத் தட்டிக்கொண்டிருந்தது. விசாலம் அம்மா முந்தானையை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டார். அழுகைக்குப் பொத்துகிறார் என்று நினைத்தேன். கண் ஈரமாகவே இல்லை. மூச்சு தொட்டிப் பக்கம் போய்விடக் கூடாது என்று பொத்தியிருந்தார்.

"எடுங்கம்மா, தேவையில்லை" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. எதுக்கு வம்பு" என்றார், துணிக்குள்ளிருந்தே.

கட்டிலை மறுபடி அறைக்குள் போட்டார்கள். அதில் அவர் ஒன்பது நாள் இருந்தார்.

துக்கம் கேட்கப் போனபோது சார் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்பது நாளும் எட்டு புள்ளி இரண்டு. ஒரு குழிகூட இல்லை.

"கட்டில உள்ள போட்ட மூணாம் நாள் இத அவகிட்டக் காட்டினேன் பாய். பாரு, நீ இங்கயே இருக்க, ஒண்ணும் எறங்கலன்னு. அப்பத்தான் முந்தானைய எடுத்தா. நோட்ட வாங்கி நெஞ்சு மேல வச்சுக்கிட்டா."

"ஏதாவது சொன்னாங்களா சார்?"

"அப்ப இம்புட்டு நாளும் நான் இங்கயே இருந்திருக்கலாமேங்கன்னு கேட்டா."

ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தேன், என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை.

பிள்ளைகளே, நான் அன்று கண்டுபிடித்தது சரிதான். எந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலும் அந்தக் காரணம்தான் இருக்கும். ஆனால் சரியான காரணத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போட்டேன். நடுவில் இருந்த நான்கு மாதத்தை ஒரு தாய் சந்தில் நின்று கழித்தார்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டியூப்பை வெளியே விடுகிறேன். அதன் பிறகுதான் வாயைத் திறக்கிறேன். ஏன் பிஎச் இறங்கியது என்று கேட்டால், "ஜன்னல் சாத்திக் கெடக்குல்ல, அதான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜன்னல் மேல் பழி போட்டால் ஜன்னல் அழாது.