அத்தோவில் நான் தின்ற பாதி

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபது வருடமாக லாரியில் கம்பி ஏற்றுகிறேன், எனக்கு இந்தக் கதையெல்லாம் கேட்க நேரம் கிடையாது. இப்போது நானே ஒன்று சொல்கிறேன். நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

எத்திராஜ் என்கூடக் கம்பி ஏற்றியவன், தோஸ்து. அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் என்றால் அவனுக்கு உயிர். கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போன் பண்ணினான்.

"மாமு, கஞ்சியா ஊத்தி சாவடிக்கிறானுங்கடா. கல்மண்டபத்துல ஒரு அத்தோ கட்டிகினு வா."

நாளைக்கு என்றேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். வேலை இருந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். வற்றிப்போன அவன் மூஞ்சியைப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான். நான்காம் நாள் செத்துவிட்டான்.

பதினாறாம் நாள் காரியம். செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் வாங்கி இலையில் படைப்போம், குவார்ட்டர், பீடி உட்பட. அவன் பெண்டாட்டி கஸ்தூரி அத்தோவுக்கு என்னைத்தான் அனுப்பினாள்.

"அண்ணா, உங்கிட்டதான கேட்டாரு, நீயே வாங்கினு வா."

படைக்கும் வரை யாரும் சாப்பிடக்கூடாது, படையல் சாமானில் வாய் வைக்கவே கூடாது. எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

நான் வாய் வைத்தேன். காலையிலிருந்து பட்டினி, பொட்டலத்திலிருந்து பூண்டு எண்ணெயும் வறுத்த வெங்காயமும் மூக்கைத் துளைக்க, ஐஸ் வண்டிகள் நிற்கிற சந்தில் ஒதுங்கி ஒரே ஒரு வாய் என்று பிரித்து, பாதி நூடுல்ஸ் உள்ளே போன பிறகுதான் நிறுத்தினேன். திரும்பிப் போய் இன்னொன்று வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. செத்தவன் அளந்தா பார்க்கப்போகிறான் என்று நினைத்தேன்.

கஸ்தூரி இலையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள். "இன்னாண்ணா, இத்தினிகூண்டு கீது?"

"கடைக்காரன் திருட்டுப்பய, அவ்ளோதான் கட்றான்" என்றேன், கூசாமல்.

விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். செத்தவன் வந்து சாப்பிட வேண்டும் அல்லவா, அதற்கு. "மாமா வந்ததும் மொதல்ல குவார்ட்டரத்தான் ஒடைப்பாரு" என்றான் கஸ்தூரியின் தம்பி. சிரித்தோம். ஒரே அறை, ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவன் நான்தான். எலி போயிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும்.

கதவைத் திறந்தோம். பாட்டிலும் பீடியும் வைத்தபடியே இருந்தன. அத்தோ மட்டும் இலையில் இரண்டு குவியலாக இருந்தது. இருந்ததையே இரண்டாகப் பிரித்து வைத்ததல்ல. ஒவ்வொரு குவியலும் நான் கொண்டுவந்த அளவு.

கஸ்தூரி ஓவென்று அழுதாள். "பாத்தீங்களா, கடைக்காரன் கொறச்சி கட்னத எம் புருசன் நெறப்பி வச்சிகிறாரு! தோஸ்துக்குப் பங்கு வச்சிகிறாரு! துன்னுண்ணா!" ஒரு குவியலை அள்ளி என் கையில் திணித்தாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல என் வாய் திறக்கவில்லை. தின்னத்தான் திறந்தது.

இன்றைக்கும் கஸ்தூரி தண்ணி லாரி வரிசையில் நின்று இதைப் பெருமையாகச் சொல்கிறாள். பாவம், அந்தக் கடைக்காரனிடம் எங்கள் தெருக்காரர்கள் இப்போது வாங்குவதில்லை. நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டுகிறேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. நான் வாங்கிய அத்தோ வீடு வந்து சேர்வதற்குள் ஆறிச் சில்லிட்டுப் போயிருந்தது. அவள் என் கையில் வைத்தது வெதுவெதுவென்று இருந்தது, யாரோ அப்போதுதான் கையால் பிசைந்து வைத்த மாதிரி.