மாமியார்-1

மெர்கோங்கில் உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பரஞ்சோதி என் பக்கத்து மேசைக்காரன். வரைபடத்தைப் பார்த்து, இதில் எத்தனை துளை, எத்தனை பள்ளம், எதை முதலில் குடைவது, எந்த மெஷினில், எங்கே பிடித்துக்கொண்டு என்று திட்டம் போடுவது அவன் வேலை. "பிடிக்க எடம் வச்சிட்டு வெட்டணும்" என்பான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன தீபாவளிக்கு, பெண்டாங்கிலிருக்கும் மாமியார் மருதம்மாளுக்காக முள்ளு முறுக்கு அச்சுத் தட்டு ஒன்றை மேலாளருக்குத் தெரியாமல், மிச்சம் கிடந்த ஸ்டீலில் செய்தான். முதலில் மூன்று உருண்டைத் துளைகள், அவற்றுக்குள் மெஷினின் வெட்டும் கம்பியை விட்டு நட்சத்திரம், பிடித்துக்கொள்ள வேண்டிய விளிம்பு கடைசியில். செய்த கள்ளத்தனத்தைக் கணினியில் 'மாமியார்-1' என்று பத்திரப்படுத்தியும் வைத்தான், புத்திசாலி!

தீபாவளிக்கு மருதம்மாள் ஊரெல்லாம் புகழ்ந்தார். பொங்கலுக்குப் பிழிந்தபோது, "ஒன்னு மட்டும் ஒல்லியா வருது மாப்ளே" என்றார்.

"மாவு சரியில்ல அத்தே" என்று இவன் சொல்லித் தொலைத்தான். அன்றோடு பேச்சு நின்றது.

இந்த ஆண்டு ஒரு வாடிக்கையாளர் நட்சத்திரத் துளை போட்ட வடிகட்டித் தட்டு கேட்டார். மேலாளர் நயீம் வரைபடத்தைக் கணினியில் ஏற்றினார். அது துளைகளை அடையாளம் கண்டு, இதேபோல் முன்பு செய்தது என்று எல்லார் முன்னாலும் 'மாமியார்-1'ஐக் காட்டியது.

"யாரு மாமியார் லா இது?" நயீம் சிரிக்கவில்லை. "அந்தத் தட்டைக் கொண்டா. அளவு சரியா இருந்தா ஆர்டர் நமக்கு. இல்லன்னா நீ வீட்டுக்கு."

பரஞ்சோதி பெண்டாங்குக்கு ஓடினான். மருதம்மாள் தட்டைத் தாளில் சுற்றி நீட்டினார். "நல்லா அளந்து பாருங்க. யாரு சொன்னது சரின்னு தெரியட்டும்."

மறுநாள் பிரித்துப் பார்த்தோம். ஒரு நட்சத்திரத்தின் மூலைகளில் தீபாவளி மாவு கல்லாகக் காய்ந்திருந்தது. கழுவவே இல்லை! ஊசியால் குத்தி எடுத்து அளந்தோம். மூன்றும் ஒரே அளவு. ஆர்டரும் வந்தது, அவன் வேலையும் பிழைத்தது.

இனி மாமியாரை ஒரு கை பார்ப்பான் என்று, வேடிக்கை பார்க்க நானும் கூடவே போனேன்.

"நீங்க சொன்னதுதான் சரி அத்தே. ஒன்னு சின்னதா இருந்துச்சு. சரி பண்ணிட்டேன்" என்றான், அடப்பாவி.

மருதம்மாள் பிழிந்தார். மூன்றும் ஒரே தடிமனில் இறங்கின. "மெஷின் படிச்சவருக்கும் நாமதான் சொல்லித் தர வேண்டியிருக்கு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, முதல் முறுக்கை அவன் கையில் வைத்தார்.

"உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?" என்று அவன் காதில் கேட்டேன்.

"பிடிக்க எடம் வேணாமாடா?" என்றான். இரண்டாவது முறுக்கும் அவனுக்குத்தான் போனது.