ஆளில்லாத அறையில் மின்விசிறி

கட்டடங்களில் மின்சாரம் வீணாகிறதா, வயரிங் பாதுகாப்பாக இருக்கிறதா என்று தணிக்கை செய்வது என் வேலை. போகிற இடத்தில் யாரும் என்னோடு உட்கார்ந்து பேசுவதில்லை.

போன வாரம் வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்லூரி. நான் வாசலில் நுழைந்ததுமே, "ஆடிட் சார் வந்துட்டாரு, எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க" என்று ஒரு குரல். நான் போன அறையிலெல்லாம் காலி நாற்காலிகள்தான். மேலே மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓடட்டும்ங்க! ஓடினாத்தானே அளக்க முடியும்?" என்று கத்தினேன்.

"பரவால்லைங்க சார், எங்களுக்கு வேர்க்கல" என்று அலுவலக அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடுகிறது என்பது என் அறிக்கைகளில் தவறாமல் வரும் குறை. அன்று அதை எழுதக்கூட வழியில்லை.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்து, வீடு சேர இருட்டிவிட்டது. பூட்டைத் திறக்கும்போதே உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. மறந்துபோய் விட்டுவிட்டுப் போனதல்ல. மனைவி இறந்ததிலிருந்து, தினமும் காலையில் அதைப் போட்டுவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறேன்.