இருபதாவது தோட்டம்

இளவேனிலை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் அவளைப் புகழ்வதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பம்பு கம்பெனியில் அவளுக்கு ஒரே வேலை. புதிய சாமான் செய்யும் குழுக்களோடு உட்கார்ந்து, இதைத் தொடரலாமா, மாற்றலாமா, கைகழுவிவிடலாமா என்று முடிவெடுக்க வைப்பது. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘மூடுவிழா’. போனில் இயங்கும் கிரைண்டரை மூடியது அவள்தான். தேங்காய் உரிக்கும் மெஷினும் அவளால்தான் போனது. கேன்டீனில் அவள் உட்காரும் மேஜையில் வேறு யாரும் தட்டை வைக்க மாட்டோம். அவளோ தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக்கொண்டு போவாள். அந்த நிதானத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஊர் அன்னூர்ப் பக்கம். அப்பா அடுத்தவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டியே மகளைப் படிக்க வைத்தவர். எங்களிடம் வருவதற்கு முன் எட்டு வருடம் நூல் மில்லில் தரம் பார்த்தாள். நல்ல நூலைத் தேர்ந்தெடுக்கிற வேலையா என்று ஒருமுறை கேட்டேன். “இல்லீங்க சார், மோசமானதைத் தள்றதுங்க” என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

என் குழு செய்தது ‘ஈரக்கண்’. மோட்டார் ரூமில் மாட்டும் பெட்டி. மண்ணின் ஈரத்தைப் பார்த்து மோட்டாரைத் தானே ஓட்டும், தானே நிறுத்தும். மூன்று வருடம் என் உயிரை வாங்கிய சாமான். தோட்டங்களில் மாட்டுவதற்கு முன்பே அவள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள்.

“எது நடந்தா நிறுத்துவீங்கன்னு இப்பவே எழுதிக் குடுங்க, சுரேந்தர் சார். அப்பறம் மனசு வராதுங்க.”

திமிரோடு எழுதினேன். ‘இருபது தோட்டத்தில் மாட்டுகிறோம். ஒரு வருடம் கழித்துப் பதினைந்திலாவது ஓடாவிட்டால் நிறுத்திவிடலாம்.’ கையெழுத்தும் போட்டேன்.

இருபதும் என் சொந்தக்காரர்களின் தோட்டங்கள். மாமன், மச்சான், பங்காளி. வேறு யார் நம்பி மோட்டார் ரூம் சாவியைக் கொடுப்பார்கள்? மாதம் ஒருமுறை போன் செய்துவிட்டுப் போவேன். இளநீர் வெட்டுவார்கள், கோழி அடிப்பார்கள். “அருமையா ஓடுதுங்க மாப்பிள்ளை” என்பார்கள். இருபதுக்கு இருபது என்று ரிப்போர்ட் எழுதினேன்.

வருடம் முடிந்ததும் இளவேனில் யாருக்கும் போன் செய்யாமல் பஸ் ஏறிப் போனாள். தோட்டக்காரர்களை விட்டுவிட்டு, தண்ணீர் கட்டும் ஆட்களிடம் பேசினாள். பிறகு மீட்டிங்கில், முதலாளி முன்னால், ஓர் அம்மா சொன்னதை நோட்டிலிருந்து வாசித்தாள்.

“மூணா நாளே கழட்டிப்போட்டமுங்க. கரண்டு இருக்கறப்ப தண்ணி உடலாமுன்னா, ஈரம் இருக்குதுன்னு மோட்டாரு எடுக்கறதில்லீங்க. அந்தத் தம்பி வாரேன்னு போன் வந்தா மறுக்கா மாட்டி வெப்பமுங்க. இல்லாட்டி மனசு நோகுமில்லீங்க.”

யார் சொன்னது என்று கேட்டேன். அந்த அம்மாவின் பெயரை இளவேனில் சொல்லவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“ஏனுங்க, கூலிக்காரங்க பேச்சைக் கேட்டு மூணு வருச வேலையைக் குப்பையில போடுவீங்களா?” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அவளுடைய அப்பா நினைவுக்கு வந்தார்.

அவள் முகம் இறுகியது. “மோட்டாரைப் போடறது அவங்கதானுங்க சார்.”

அவள் கணக்கெழுதி வைத்திருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்றில் ஓடுகிறது, பதினாறில் இல்லை. பத்தொன்பதுதான் வருகிறது. விட்டேனா பார் என்று பாய்ந்தேன். “கணக்கே தப்பு. இருபதாவது எங்கீங்க?”

“அது உங்கப்பா தோட்டமுங்க. அதைய நான் எழுதல. போன் பண்ணாம நீங்களே போய்ப் பாருங்க.”

அங்கே ஓடுவதைக் காட்டி இன்னொரு வருடம் கேட்டுவிடலாம் என்று அப்போதே தொண்டாமுத்தூருக்கு வண்டியைக் கிளப்பினேன். மோட்டார் ரூமில் நாலு ஆணி மட்டும் இருந்தது. அப்பா என்னைப் பார்த்ததும் பதறி வீட்டுக்குள் ஓடினார். பீரோவிலிருந்து, அம்மாவின் பழைய சேலையில் சுற்றிய ஈரக்கண்ணை எடுத்து வந்தார். ஒரு தூசி இல்லை. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் மட்டும் காய்ந்திருந்தது.

“நீ செஞ்சதாச்சே, கெட்டுப்போயிருமுன்னு எடுத்து வெச்சேன் கண்ணு. அன்னிக்கு நான் தண்ணி கட்டறப்ப வந்த அம்மணிகிட்டக்கூட, பையனுக்குச் சொல்லிப்போடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்ப மாட்டிப்போடட்டுமா?” என்றார்.

“வேண்டாமுங்கப்பா” என்றேன். அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை ‘நிறுத்திவிடலாம்’ என்று எழுதி அவள் மேஜையில் வைத்தேன். நன்றி சொல்லவில்லை. மதியம் கேன்டீனில் அவள் மேஜையில் என் தட்டையும் வைக்கவில்லை. என் அப்பா எனக்காகச் சொன்ன பொய்யை எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவளை எப்படிப் பிடிக்கும்?