சுவரில் ஒரு டி.எல்.

பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்கிறார். அழுத்தினால் தாள் கிழியும். அழுத்தாவிட்டால் எழுத்து எழாது. வண்டியின் வலது முன்சக்கரத்துக்குப் பின்னால், அடிச்சட்டத்து இரும்பில் குத்தியிருக்கும் எண்ணின்மேல் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி, மல்லாந்து கிடந்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு தேய்க்கிறார். கறுப்புக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாக வெளுத்து எழுகிறது. பதினேழும் வந்த பிறகுதான் வெளியே வருகிறார். ஆர்.சி.யோடு வைத்து ஒப்பிடுகிறார். முதலில் இடமிருந்து வலம். பிறகு வலமிருந்து இடம்.

"ஆயிலு, டயரு எல்லாம் அப்பால பாத்துக்கலாம் சார். மொதல்ல இவன் யாருன்னு தெரிஞ்சிக்கணும்."

பஞ்சாட்சரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. வெளிமாநிலங்களில் விலைக்கு வாங்கிய பழைய கேரவன்களைச் சென்னைக்கு ஓட்டி வருவது அவர் தொழில். கட்டில், ஏ.சி., முகம் பார்க்கும் மேசை, கழிப்பறை என்று ஒரு வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றியது போன்ற வண்டி. படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறுவதற்கு. இப்போது வசதியுள்ள குடும்பங்களும் சுற்றுலா போக வாங்குகின்றன. ஐதராபாத், கொச்சி, மும்பை என்று எங்கிருந்து வந்தாலும், பாதிக்கு மேல் கோடம்பாக்கத்துக்கு இவர் கையால்தான் வந்து சேர்கின்றன.

கோடம்பாக்கத்து ஓட்டுநர்கள் இவரை 'ஃபைலு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "ஃபைலு மாமா வர்றார்டா, எல்லாரும் லைசன்ஸ எடுத்து வைங்க" என்பது அங்கே பழைய கேலி. நீல நிறத்தில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்று எப்போதும் அவர் அக்குளில் இருக்கும். விற்ற மாநிலத்தின் தடையின்மைச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, நம் மாநிலத்துக்குக் கட்டிய வரியின் ரசீது, கைமாற்றுப் படிவங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் சாவியைத் திருப்பமாட்டார். சோதனைச் சாவடியில் கோப்பைப் பிறர் கையில் கொடுப்பதும் இல்லை. தானே பிரித்து, பக்கம் பக்கமாகக் காட்டுவார். பச்சைக் குழந்தையை மற்றவருக்குக் காட்டுகிற மாதிரி.

இந்தப் பழக்கம் பிறவியில் வந்ததல்ல. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு வேன் ஓட்டி வந்தார். அடிச்சட்டத்தின் எண் ஒத்துப்போகவில்லை. திருட்டு வண்டி. வாங்கியவர் காவல் நிலையத்தில் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். ஓட்டியவர் பதினொரு நாள் சிறையில் இருந்தார்.

"ஓனருக்கு வண்டி, டிரைவருக்கு கேஸு" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்பவருக்குச் சிரிப்பு வராது.

அடையாற்றின் கரையில், சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே, ஒற்றை அறையும் தகரக் கூரையுமாக அவர் வீடு. அவருடைய தந்தை கட்டியது. மனைவி ரத்னா மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். இரண்டாயிரத்துப் பதினைந்தின் வெள்ளம் குடும்ப அட்டை முதல் மின்கட்டண ரசீது வரை எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. நாலு மாதம் அலுவலகம் அலுவலகமாக நின்று ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். அன்றிலிருந்து அந்த ஆற்றை நம்பி ஒரு காகிதத்தையும் வீட்டில் வைப்பதில்லை. வீட்டின் ஆவணங்களும் அதே நீலக் கோப்பில், கடைசி உறையில், அவரோடு ஊர் ஊராகச் சுற்றின.

பிப்ரவரியில் கரையோரத்து வீடுகளைக் கணக்கெடுக்க அரசு ஆட்கள் வந்தார்கள். கணக்கில் வந்த வீட்டுக்கு மாற்று வீடு. வராத வீட்டுக்கு இடிக்கும் இயந்திரம். பஞ்சாட்சரம் அப்போது கொச்சியில் இருந்தார். திரும்பி வந்தபோது கதவை ஒட்டிய சுவரில் சிவப்பு மையால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. டி.எல்.

முப்பது ஆண்டு வண்டி ஓட்டிய மனிதருக்கு டி.எல். என்றால் ஒரே பொருள்தான். டிரைவிங் லைசன்ஸ். "பாரு, நம்ம தொழில கூட விசாரிச்சி எழுதிகினு போய்க்கிறாங்க" என்று ரத்னாவிடம் சொன்னார். தன் உரிமத்தை இரண்டு நகல் எடுத்துக் கடைசி உறையில் சேர்த்தார். அந்த எழுத்துகளின் மேல் மழைச்சாரல் படாமல் சின்னத் தகரம் ஒன்றும் அடித்து வைத்தார்.

ஜூன் மாதம் ஐதராபாத்துக்குப் போனார். தியாகராய நகரில் ஒரு படத் தயாரிப்பு நிறுவனம் வாங்கிய கேரவன். புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. காகிதங்கள் சரி. பென்சில் அச்சு சரி. அப்போதுதான் நிறுவனத்தின் மேலாளர் அஸ்வின் தொலைபேசியில் வந்தார். முதலாளியின் சோதிடர் மாலை நாலே முக்காலுக்குத்தான் வண்டி நகர வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பஞ்சாட்சரம் பன்னிரண்டு மணி நேரம் சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வண்டி புறப்பட நேரம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, ஓட்டுபவன் எப்போது சாப்பிடுவான், எப்போது தூங்குவான் என்று பார்க்கத் தெரியவில்லை. அதைச் சொல்லும் பஞ்சாங்கம் இன்னும் அச்சாகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. கிளம்பும் முன், பின்னாலிருக்கும் கட்டில் அறையையும் கழிப்பறையையும் சேர்த்துப் பூட்டி, சாவியைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. மேடம் யூஸ் பண்ணப்போறது. புதுசா இருக்கணும்ல" என்றார் அஸ்வின்.

பஞ்சாட்சரத்துக்குச் சர்க்கரை நோய் உண்டு. மணிக்கு ஒருமுறை இறங்கியாக வேண்டும். ஒரு கழிப்பறையை முதுகில் சுமந்துகொண்டு அறுநூறு கிலோமீட்டர், ஒவ்வொரு பெட்ரோல் பங்காக அந்த மனிதர் ஒதுங்க இடம் கேட்டு வந்தார். மெத்தை போட்ட கட்டிலுக்கு அடியில், தார்ச்சாலை ஓரத்தில், பாய் விரித்துத் தூங்கினார். தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. ஒழியவில்லை ஐயா. கூரியரில் போகிறது. ரசீதுகூடக் கொடுக்கிறார்கள்.

வியாழன் மாலை மாநில எல்லைக்கு வந்தார். சோதனைச் சாவடி அதிகாரி கோப்பு முழுவதும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வண்டியைச் சுற்றி வந்தார்.

"உள்ள என்னய்யா இருக்கு?"

"கட்டிலு, கண்ணாடி, பாத்ரூமு சார்."

"திற."

"சாவி இல்ல சார்."

"எங்க போச்சு?"

"கூரியர்ல வருது சார்."

"வண்டி ரோட்ல வருது, சாவி கூரியர்ல வருதா? யார்கிட்ட கதை விடற?"

அந்த அதிகாரி லஞ்சம் கேட்கவில்லை; அதையும் சொல்ல வேண்டும். வெளிமாநில வண்டி, பூட்டிய அறை, உள்ளே என்ன என்று ஓட்டுபவருக்கே நிச்சயமில்லை. விடமுடியாது என்றார். ஓரமாக நிறுத்தச் சொல்லி, உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பூட்டை உடைக்கலாமா என்று அஸ்வினிடம் கேட்டதற்கு, "ஐயோ, கதவுல கை வெச்சுடாதீங்கண்ணே. நாளைக்குச் சாவி வந்துடும்" என்று பதில் வந்தது. வீட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரத் தொலைவுதான். பஞ்சாட்சரம் பின்சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, காலால் இரண்டு முறை உதைத்துப் பார்த்துவிட்டு, பாயை விரித்தார்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ரத்னா அழைத்தார்.

"யோவ், எங்க கீற?"

"பார்டர்லதான் கீறேன். இன்னா?"

"ஆட்டோல மைக்கு வச்சி சொல்லிகினு போறாங்கயா. டி.எல். போட்ட வூட்டுக்காரங்க எல்லாம் பன்னண்டு மணிக்குள்ள சமுதாயக் கூடத்துக்கு ஒரிஜினலோட வரணுமாம். வர்லன்னா லிஸ்ட்ல பேரு இல்லியாம்."

"லைசன்ஸ் தான? போட்டோ எட்த்து அனுப்பறேன், காட்டு."

"லைசன்ஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! டி.எல்.னா டோர் லாக்காம்யா. வூடு பூட்டிக் கெடந்துச்சாம். ஆளு இல்லாத வூடுன்னு எழுதிகினு பூட்டாங்க. அதுக்குப் போயி நீ தகரம் அடிச்ச!"



"பேப்பரு..." என்றார் பஞ்சாட்சரம்.

"எல்லாம் உன் அக்குள்லதான கீது?"

அந்தக் கரையில் அறுபத்துமூன்று வீடுகளின் சுவரில் அந்த எழுத்துகள் இருந்தன. பகல் பதினொரு மணிக்கு வீடு பூட்டியிருந்தால், அங்கே வாழ்கிறவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். மயிலாப்பூரில் பாத்திரம் துலக்குகிறார்கள், அடையாறு பகுதியில் கட்டடத்துக்கு மண் சுமக்கிறார்கள், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறார்கள். இந்த நகரத்தின் வீடுகளைத் திறந்து வைத்திருப்பதற்காகத் தங்கள் வீட்டைப் பூட்டியவர்கள் அவர்கள். அதை ஆளில்லாத வீடு என்று எழுத எந்த அறிவு துணிந்தது? அதையும் அவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில், இரண்டே எழுத்தில்.

உரிமம் அதிகாரியிடம் இருந்தது. வண்டியை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பது பதினொரு நாள் உள்ளே இருந்தவருக்குத் தெரியும். கூடூரிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போகும் லாரியின் ஓட்டுநர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "குடு நைனா. உன் வூட்டுக்காரம்மாவக் கோயம்பேட்டுக்கு வரச்சொல்லு. பதினொன்னுக்கெல்லாம் அவங்க கைல இருக்கும்" என்றார்.

பஞ்சாட்சரம் கோப்பின் பட்டனைத் திறந்தார். கடைசி உறையை உருவினார். லாரி ஓட்டுநர் சன்னலிலிருந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கை வர்ல சார்" என்று இதை என்னிடம் சொன்னபோது தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல மன்சன்தான். மூஞ்சில தெரிது. ஆனா கை வர்ல. அங்கதான் தப்பு பண்ட்டேன்."

லாரி போய்விட்டது. ரத்னா வரிசையில் நின்று, தொலைபேசியில் வந்த படங்களைக் காட்டினார். "ஒரிஜினல் எங்கம்மா?" என்று கேட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

சாவி ஒரு மணிக்கு அஸ்வினோடு பைக்கில் வந்தது. அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றரைக்கு வண்டி தியாகராய நகர் வந்து சேர்ந்தது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். கண்ணேறு கழிகிறதாம். கூடூர்ப் பழமாகவே இருக்கலாம்; அப்படியானால் அந்தக் காகிதங்கள் வந்திருக்க வேண்டிய லாரியில் அவை வந்திருக்கின்றன. பூசை முடிந்ததும் அஸ்வின் கழிப்பறைக்குள் போய்த் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"காஞ்சிதான் இருக்கு. தாங்க்ஸ்ண்ணே" என்றார்.

பஞ்சாட்சரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு ஓடினார். மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மனுவை வாங்கி ஒரு ரசீது எண் கொடுத்தார்கள். மறுபடி வீடு வீடாக வருவார்களாம். எப்போது என்று சொல்லமுடியாதாம். "அன்னைக்குக் கதவு திறந்திருக்கணும், அவ்வளவுதான். நீங்க ஒழுங்காத் திறந்து வெச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது பாருங்க" என்றார் ஊழியர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

நாலு மாதம் ஆகிறது. இன்னும் யாரும் வரவில்லை. வீட்டு ஆவணங்கள் இப்போது ரத்னாவின் வேலைப் பையில், மதியச் சோற்று டப்பாவுக்கு அடியில், மயிலாப்பூருக்குப் போய்வருகின்றன. "அத்த மட்டும் குட்த்துட்டேன்" என்கிறார் பஞ்சாட்சரம். சுவரில் எழுத்துகள் மங்கவில்லை; அவர் அடித்த தகரம் நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது.

சென்ற வாரம் அவர் மும்பைக்குக் கிளம்பிய காலையில் அங்கே போயிருந்தேன். ரத்னாவும் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அஃப்சருன்னிசா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "நீங்க போங்க அண்ணே, டிவிய நா பாத்துக்கறேன்" என்றார்.

"திருடன் வந்தா வரட்டும் பாய்ம்மா" என்றார் ரத்னா. "அவனாச்சும் வந்து நம்மள கணக்கெடுத்துகினு போவட்டும்."

கதவில் பூட்டு மாட்டும் கொண்டி இல்லை. கழற்றியிருந்தார்கள், நாலு ஆணித்துளைகள் மட்டும் தெரிந்தன. பஞ்சாட்சரம் நீலக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவை முழுவதுமாகச் சுவரோடு சாய்த்தார். உள்ளே ஒரு பாய், ஒரு பீரோ, ஒரு டிவி, ஓர் அடுப்பு, எல்லாம் தெருவுக்குத் தெரிந்தன. பைக்குள்ளிருந்து, சக்கரத்துக்குக் கொடுக்கும் மரக்கட்டையை எடுத்தார். குனிந்து, கதவு திரும்பிவிடாமல் அதன் அடியில் செருகினார். நிமிர்ந்து, காலால் இரண்டு முறை உதைத்துப் பார்த்தார்.